பிழைச்செய்தி வராத பாடம்: செயற்கை நுண்ணறிவில் முதுநிலைச் சான்றிதழ் படித்த ஒரு பொறியாளர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரியவர் நாற்பதை நெருங்கும் ஒரு மென்பொருள் பொறியாளர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சர்வர் பக்க வேலை: தரவுத்தளம், ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்), நள்ளிரவில் படுத்துவிட்ட சர்வரை எழுப்பி நிறுத்துவது. குழுவில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கியவர். கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் உண்டு. ஆனால் கல்லூரிக் கணக்குப் புத்தகத்தை மூடியதோடு சரி, அப்புறம் திறக்கவில்லை. வீட்டில் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். நான் அதே நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில், வேலையோடு மேற்படிப்பு படிப்பவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லா அலுவலகங்களிலும் நடந்ததுதான் இங்கும் நடந்தது. சாட்ஜிபிடி போல எழுத்தில் பதில் தரும் மொழி மாதிரிகளை வெளியிலிருந்து வாங்கித் தங்கள் மென்பொருளில் இணைக்கும் வேலை இவருடைய குழுவுக்கு வந்தது. இணைப்பதில் அவருக்குச் சிரமமில்லை. முதல் சந்திப்பில் அவர் சொன்னது இது: "மாதிரியைக் கூப்பிடத் தெரியுது சார். பதில் தப்பா வந்தா ஏன் தப்புன்னு கேக்கறாங்க. முழிக்கிறேன்."

அதற்கு முன்பே இரண்டு மூன்று குறுகிய இணையப் படிப்புகளை முடித்திருந்தார். அவற்றில் பயிற்சிக்கான நிரல் ஏறக்குறைய எழுதியே தரப்பட்டிருக்கும். கோடிட்ட இடங்களை நிரப்பினால் போதும். சான்றிதழ் வந்தது. முழிப்பது நிற்கவில்லை.

எந்தப் படிப்பு, எந்த வரிசை

அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: இன்னும் சில குறுகிய படிப்புகள், முழு முதுநிலைப் பட்டம், அல்லது பல்கலைக்கழகம் வழங்கும் முதுநிலைச் சான்றிதழ். மூன்றாவதைப் பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. பெயரில் சான்றிதழ் என்று இருந்தாலும் அது குறுகிய படிப்பு அல்ல. பொதுவாக மூன்று முதல் ஐந்து பாடங்கள். முதுநிலை மாணவர்களுக்கு நடக்கும் அதே வகுப்பு, அதே வீட்டுப்பாடம், அதே தேர்வு. மதிப்பெண் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஏறும். பட்டம் கிடைக்காது, ஆனால் பிறகு முதுநிலைப் படிப்பில் சேர இடம் கிடைத்தால், பல பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலையை விட முடியாது, ஆனால் ஒருமுறையாவது ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பதால் அவர் இதைத் தேர்ந்தெடுத்தார். நியாயமான முடிவு. திட்டத்தில் நான்கு பாடங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 'பி' தரம் வாங்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். 'பி' வாங்கிய பாடத்துக்கு மட்டும் நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தரும்.

வரிசையில்தான் சிக்கல். செயற்கை நுண்ணறிவு அடிப்படைகள் பாடத்தை முதலில் எடுக்கும்படி பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருந்தது, கட்டாயம் இல்லை. தேடல் வழிமுறைகள், விளையாட்டு மரங்கள் (ஆட்டத்தின் அடுத்தடுத்த நகர்வுகளைக் கிளைகளாக விரித்துப் பார்ப்பது) என்ற பாடத் தலைப்புகள் அவருக்குப் பழைய சரக்காகத் தெரிந்தன. நேராக இயந்திரக் கற்றல் (தரவிலிருந்து கணினி தானே கற்பது) பாடத்தில் சேர்ந்தார். முன்தேவைப் பட்டியலில் நான்கு இருந்தன: நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், பன்மாறி நுண்கணிதம், பைத்தான். நான்காவதைப் பார்த்துத் தெம்பானார். மற்ற மூன்றையும் 'ஒரு காலத்தில் படித்ததுதானே' என்று கடந்துவிட்டார்.

முதல் பருவம்: கண்டவை

முதல் வீட்டுப்பாடத்தில் நிரல் எழுதும் பகுதி கொஞ்சம்தான். மீதியெல்லாம் நிறுவல். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்பது ஆமா இல்லையா என்று நிகழ்தகவாகக் கணிக்கும் எளிய மாதிரி; அதன் இழப்புச் சார்பு, அதாவது கணிப்பு எவ்வளவு தப்பு என்று அளக்கும் சார்பு, குவிவானது என்று காட்ட வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதாவது அதற்குப் போலியான பள்ளங்கள் கிடையாது, எந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றாலும் அதுவே ஆக ஆழமானது என்று நிறுவ வேண்டும். இரண்டாம் வகைக்கெழுக்களை அணியாக அடுக்கி, எந்தத் திசையன் கொண்டு இருபுறமும் பெருக்கினாலும் விடை எதிர்மமாகாது என்று காட்டினால் முடிந்தது. வரையறையைத் தேடிக் கண்டுபிடித்தார், வகைக்கெழுவையும் தட்டுத்தடுமாறி எடுத்துவிட்டார். ஆனால் 'இதைக் காட்டினால் ஏன் போதும்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். அந்த வாரம் அலுவலகத்துக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது.

வாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து மணி நேரம் ஆகும் என்று பாடக் குறிப்பு சொன்னது. அது முன்தேவைகள் கையில் இருப்பவருக்கான கணக்கு. இவருக்கு அதற்கு மேலும் போனது. கூடுதலாகப் போன நேரமெல்லாம் தூக்கத்திலிருந்து எடுத்தது.

ஆனால் கணக்கு மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியாது. நரம்பணு வலை (உதாரணங்களைப் பார்த்து, எடைகள் எனப்படும் தன் உள் எண்களைத் திருத்திக்கொண்டே கற்கும் மாதிரி) வீட்டுப்பாடத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிரல் எழுதும் பகுதி அது. அவர் பலமான இடம்.

சில பண்புகளைக் கொடுத்து ஓர் எண்ணைக் கணிக்கும் சிறிய வலை. இத்தகைய வலைகளை எழுதப் பயன்படும் பைடார்ச் என்ற பைத்தான் நூலகத்தில் எழுதினார். இழப்பைக் கணக்கிட ஆயத்த செயற்கூறைப் பயன்படுத்தாமல், கணிப்பிலிருந்து உண்மை மதிப்பைக் கழித்து, இருமடியாக்கி, சராசரி எடுக்கும் ஒரு வரியைத் தானே எழுதினார். ஓடியது. இழப்பு ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. கற்றல் வேகத்தை மாற்றினார், அடுக்குகளைக் கூட்டினார், சுற்றுகளை அதிகமாக்கினார். அதே இடத்தில்தான் நின்றது. இப்படியே ஒரு வாரத்தின் பெரும்பகுதி போனது.

கடைசியில் கணிப்புகளையே அச்சிட்டுப் பார்த்தார். எல்லா உதாரணத்துக்கும் ஏறத்தாழ ஒரே எண். அது உண்மை மதிப்புகளின் சராசரி.

காரணம் இதுதான். கணிப்பு 100 எண்கள் கொண்ட ஒற்றை வரிசை. உண்மை மதிப்போ 100 வரிசை, 1 நெடுவரிசை கொண்ட அணி. இரண்டையும் கழித்தால் பைடார்ச் மறுப்பதில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தும்படி இரண்டையும் விரித்து, 100 வித்தியாசங்கள் வர வேண்டிய இடத்தில் 10,000 வித்தியாசங்களைத் தரும். பிராட்காஸ்டிங் என்ற வசதியின் வேலை அது. ஒவ்வொரு கணிப்பும் எல்லா உண்மை மதிப்புகளோடும் ஒப்பிடப்பட்டால், பிழையைக் குறைக்க ஒரே வழி சராசரியைச் சொல்வது. வலை தனக்குக் கொடுத்த வேலையைச் சரியாகவே செய்திருந்தது. ஆயத்த செயற்கூறு என்றால் வடிவங்கள் பொருந்தவில்லை என்று ஓர் எச்சரிக்கையாவது வந்திருக்கும். கையால் எழுதிய வரிக்கு அதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் அவருடைய அனுபவமே அவருக்கு எதிராக வேலை செய்ததாக நான் நினைக்கிறேன். தரவுத்தளத்தில் தப்பு செய்தால் ஏதோ ஒரு இடத்தில் சிவப்பு எழுத்து வரும், அலாரம் அடிக்கும், வாடிக்கையாளர் திட்டுவார். எதுவும் கத்தவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று பன்னிரண்டு ஆண்டு வேலை அவரைப் பழக்கியிருந்தது. இந்தத் துறையில் தப்பு பெரும்பாலும் கொஞ்சம் மோசமான ஓர் எண்ணாகத்தான் வரும். சில நேரம் கொஞ்சம் நல்ல எண்ணாகக்கூட வரும், அது இன்னும் ஆபத்து.

விலகல்

இடைத்தேர்வில் மதிப்பெண் வகுப்புச் சராசரிக்கு நன்றாகவே கீழே. விலகுவதற்கான கடைசி நாளுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. உட்கார்ந்து பேசினோம்.

தொடர்ந்தால் 'பி' வாங்க வாய்ப்பு உண்டு, ஆனால் மிகக் குறைவு. 'பி'க்குக் கீழே போனால் அந்தப் பாடம் சான்றிதழில் சேராது, கட்டணமும் திரும்பாது, பதிவேட்டில் அந்தத் தரம் நிலைத்துவிடும். நாளைக்கு முதுநிலைக்கு விண்ணப்பித்தால் அதுவும் தெரியும். இப்போது விலகினால் பதிவேட்டில் 'டபிள்யூ' என்ற ஓர் எழுத்து மட்டும் இருக்கும், சராசரியைப் பாதிக்காது. கட்டணம் இரண்டு வழியிலும் அவர் கையை விட்டுத்தான் போகும்.

எண்ணிப் பார்த்தால் எளிய முடிவு. மனிதருக்கு எளிதாக இல்லை. "டீம்ல எல்லாருக்கும் தெரியுமே சார், சேர்ந்திருக்கேன்னு" என்றார். கடைசி நாளுக்கு முந்தைய நாள் விலகினார்.

இடைப்பட்ட பருவம்

அடுத்த பருவத்தில் எந்தப் பாடமும் எடுப்பதில்லை என்பது அடுத்த முடிவு. பாடப்புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து படிக்க அவர் ஆசைப்பட்டார். அதற்கு ஆயுள் போதாது. விட்டுப்போன வீட்டுப்பாடங்களையே எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கருத்து இல்லாமல் எந்தக் கேள்வியில் நின்றார் என்று குறித்தோம். பட்டியல் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது: நிபந்தனை நிகழ்தகவும் பேய்ஸ் தேற்றமும், எதிர்பார்ப்பும் மாறுபாடும், மீப்பெரு நிகழ்தகவு மதிப்பீடு, அணிப் பெருக்கலில் வடிவங்கள், பகுதி வகைக்கெழு, சங்கிலி விதி. இவற்றைத் தாளும் பென்சிலுமாகப் படித்தார்.

கணக்கைவிட நீடித்துப் பயன்பட்டவை, கூடவே பழகிக்கொண்ட சில சோதனைகள். துறையில் புழங்குபவர்களுக்கு இவை தெரிந்தவைதான். வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கையால் எடுத்த வகைக்கெழுவை எண்ணால் சரிபார்ப்பது ஒன்று. ஓர் எடையை 0.00001 கூட்டி இழப்பைக் கணக்கிடு, அதே அளவு குறைத்துக் கணக்கிடு, வித்தியாசத்தை 0.00002 ஆல் வகு. கையால் எடுத்ததும் இதுவும் பல தசம இடங்கள் வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் பெரும்பாலும் கையில்தான் தப்பு.

இன்னொன்று, பயிற்சி தொடங்கும் முன்பே முதல் இழப்பைப் பார்ப்பது. பத்து வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வலை, ஒன்றும் கற்காத நிலையில், பத்துக்கும் சமவாய்ப்பு தர வேண்டும். அப்போது குறுக்கு என்ட்ரோபி (வகை பிரிக்கும் வலைகளுக்கு வழக்கமான இழப்புச் சார்பு) தரும் இழப்பு 10இன் இயல் மடக்கை, அதாவது சுமார் 2.303. இரண்டே வகை என்றால் 0.693. முதல் எண்ணே 7 என்று வந்தால் பயிற்சியைத் தொடங்காதே, எங்கோ இடிக்கிறது.

அப்புறம், ஐந்தாறு உதாரணங்களை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பது. அதற்கே இழப்பு ஏறக்குறைய பூச்சியத்துக்கு வரவில்லை என்றால் லட்சம் உதாரணம் கொடுத்தும் பயனில்லை. பழைய நரம்பணு வலையை இந்தச் சோதனையில் போட்டுப் பார்த்தார். உடனே மாட்டிக்கொண்டது.

மீண்டும், வேறு வரிசையில்

இம்முறை அடிப்படைகள் பாடம் முதலில். பழைய சரக்கு என்று அவர் தள்ளிவைத்த தேடல் வழிமுறைகள்தான் அவருக்குச் சரியான நுழைவாயிலாக அமைந்தன. மிகக் குறுகிய வழியைத் தேடும் ஏ-ஸ்டார் வழிமுறை 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் ஆகிய மூவர் வெளியிட்டது. ஷேக்கி என்ற நகரும் ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் பிறந்தது. இன்றைய மொழி மாதிரிகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. நேரடியாகப் பெரிய சம்பந்தம் இல்லை. ஆனால் ஒரு வழிமுறை எப்போது சரியான விடை தரும், எப்போது தராது என்று நிறுவிப் பார்க்கும் பழக்கத்தை, நிகழ்தகவின் சுமை இல்லாமல் கற்றுத்தர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இலக்குக்கு மீதமுள்ள தூரத்தை ஏ-ஸ்டார் ஊகித்துக்கொண்டே போகும். அந்த ஊகம் உண்மையான தூரத்தை ஒருபோதும் மிஞ்சாமல் இருந்தால், கிடைக்கும் வழி மிகக் குறுகியது என்பது உறுதி. மிஞ்சினால் அந்த உறுதி போய்விடும். அவர் எழுதிய ஒரு ஊகச் சார்பு சில கட்டங்களில் மிஞ்சியது. வழி கிடைத்தது, வேகமாகவும் கிடைத்தது, மிகக் குறுகிய வழியாக மட்டும் இல்லை. இம்முறை அவரே சிறிய வரைபடங்களை எடுத்து, எல்லா வழிகளையும் அலசும் மெதுவான முறையோடு ஒப்பிட்டு, சமர்ப்பிக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார். யாரும் சொல்லாமல் நடந்த முதல் சோதனை அது. பாடத்தில் 'ஏ' வாங்கினார்.

அடுத்து இயந்திரக் கற்றல், இரண்டாம் முறை. அதில் சொல்ல அதிகம் இல்லை. உழைத்தார், 'பி பிளஸ்' வந்தது. ஒன்று மட்டும் குறிப்பிட வேண்டும். கருத்தைப் புரிந்துகொள்ள சாட்ஜிபிடி போன்ற உரையாடல் மாதிரிகளைக் கேட்கலாம், விடையை வாங்கக் கூடாது என்பது பாடத்தின் விதி. கருத்து எங்கே முடிகிறது, விடை எங்கே தொடங்குகிறது என்பது வழுக்கும் எல்லை. அவர் தனக்கென்று ஒரு நடைமுறை வைத்துக்கொண்டார்: முதலில் தாளில் முழுசாக முயல்வது, பிறகு வீட்டுப்பாடத்தில் இல்லாத வேறு உதாரணத்தைக் கொண்டு மட்டும் கேட்பது. வந்த விளக்கத்தையும் எண்ணால் சரிபார்ப்பது. சரளமான தமிழிலோ ஆங்கிலத்திலோ வந்த தவறான வருவிப்புகளை அப்படிச் சில முறை பிடித்திருக்கிறார்.

புராஜெக்ட்

மூன்றாவது பாடம் இயல்மொழிச் செயலாக்கம், அதாவது கணினி மனித மொழியைக் கையாள்வது. இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான, 2017இல் வெளியான டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்புதான் அதன் நடுநாயகம். பருவ இறுதியில் ஒரு புராஜெக்ட். நிறுவனத்தின் அனுமதியோடு, பெயர் விவரங்கள் நீக்கப்பட்ட வாடிக்கையாளர் புகார்களை எடுத்துக்கொண்டார்: ஒரு புகார் அவசரமானதா இல்லையா என்று கணிப்பது. முன்பயிற்சி பெற்ற சிறிய மாதிரி ஒன்றை இந்தத் தரவில் மேலும் பயிற்றுவித்தார். இடைக்கால அறிக்கையில் துல்லியம் பிரமாதமாக வந்திருந்தது. குழுவில் இரண்டு பேர் இதை உடனே பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம் என்று பேசவும் தொடங்கிவிட்டார்கள்.

பல்கலைக்கழகப் பாடத்தின் பயிற்சி உதவியாளர் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: சரியாகக் கணித்தவற்றில் ஒரு இருபதையாவது படித்துப் பார்த்தீர்களா? தவறானவற்றைப் படிப்பது வழக்கம். சரியானவற்றை யாரும் படிப்பதில்லை.

படித்தார். அவசரம் என்று சரியாகக் கணிக்கப்பட்ட புகார்களில் பெரும்பாலானவற்றின் அடியில் 'இந்தப் புகார் மூத்த குழுவுக்கு மாற்றப்பட்டுள்ளது' என்ற ஒரு வரி. ஊழியர் அவசரம் என்று குறித்த பிறகு மென்பொருள் தானாகச் சேர்க்கும் வரி அது. விடைத்தாளின் அடியிலேயே விடை. இன்னொன்றும் வெளிவந்தது: ஒரே புகாரைத் தொடர்ந்து வந்த மடல்கள் தனித்தனி உதாரணங்களாகக் கலக்கப்பட்டு, பாதி பயிற்சியிலும் பாதி சோதனையிலும் விழுந்திருந்தன. மாதிரி பாதிப் புகார்களை ஏற்கெனவே பார்த்திருந்தது.

இங்கே எடுத்த முடிவுகள் மூன்று. தானாகச் சேரும் வரிகளை நீக்கி, வாடிக்கையாளரின் முதல் மடலை மட்டும் வைத்துக்கொண்டார். தரவைக் குலுக்கிப் பிரிக்காமல் காலத்தால் பிரித்தார்: பழைய மாதங்கள் பயிற்சிக்கு, புதிய மாதங்கள் சோதனைக்கு. நிஜத்தில் மாதிரி நாளைய புகாரைத்தான் பார்க்கப்போகிறது. மூன்றாவது, துல்லியம் என்ற அளவையே கைவிட்டார். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அவசரமில்லாத புகார்கள். எதைக் கேட்டாலும் 'அவசரமில்லை' என்று சொல்லும் ஒரு வரி நிரலும் தொண்ணூறைத் தாண்டும். பதிலாக, உண்மையிலேயே அவசரமானவற்றில் எத்தனையைப் பிடித்தது என்ற ரீகாலையும், அவசரம் என்று சொன்னவற்றில் எத்தனை உண்மை என்ற பிரிசிஷனையும் எழுதினார். சொற்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் எளிய லாஜிஸ்டிக் ரிக்ரஷனையும் பக்கத்தில் வைத்தார்.

எண்கள் சரிந்தன. பெரிய மாதிரி எளிய மாதிரியைவிடக் கொஞ்சம்தான் மேல். இறுதி அறிக்கையில் பாதிப் பக்கங்கள் இந்தச் சரிவைப் பற்றியே இருந்தன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே அட்டவணையில் காட்டியிருந்தார். அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. குழுவில்தான் கொஞ்சம் முணுமுணுப்பு.

விளைவு

நான்காவது பாடமாக வலுவூட்டல் கற்றலை (செய்து பார்த்து, கிடைக்கும் பலனிலிருந்து கணினி கற்பது) எடுத்து முடித்தார். திட்டமிட்டதைவிட ஏறக்குறைய ஓராண்டு தாமதம். மூன்றாண்டு வரம்புக்குள் வந்துவிட்டது. பதவி மாறவில்லை, சம்பளத்திலும் பெரிய ஏற்றமில்லை. சான்றிதழ் கிடைத்த உடனே வேலை மாறும் என்று எண்ணிச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதுநிலைக்கு விண்ணப்பிப்பதா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

மாறியது அன்றாட வேலை. வெளி நிறுவனங்கள் தங்கள் மாதிரியை விற்க வரும்போது இப்போது அவரைக் கூப்பிடுகிறார்கள். சோதனைத் தரவை எப்படிப் பிரித்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளை அவர் தவறாமல் கேட்பார். இரண்டாவதுக்குப் பல நேரம் பதில் இருக்காது. எளிய லாஜிஸ்டிக் ரிக்ரஷன்தான் புகார்ப் பிரிவில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது; பெரிய மாதிரி தரும் சிறிய முன்னேற்றத்துக்கு அதை ஓட்டும் செலவு கட்டுப்படியாகவில்லை.

எங்கள் நடைமுறையில் மாறியவை

முதுநிலைச் சான்றிதழில் சேர விரும்புபவர்கள் இப்போது விண்ணப்பத்துக்கு முன் ஒரு தாள் எழுதுகிறார்கள். கணினி கிடையாது. ஒரு பேய்ஸ் கணக்கு, ஒரு சங்கிலி விதி வருவிப்பு, மூன்று அணிகளைப் பெருக்கினால் விடையின் வடிவம் என்ன என்ற கேள்வி. மதிப்பெண் போடுவதில்லை, எங்கே நின்றார்கள் என்று மட்டும் பார்க்கிறோம். இரண்டுக்கு மேல் நின்றால் ஒரு பருவம் தள்ளிப்போடச் சொல்கிறோம். கேட்பவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு.

முதல் பாடத்தில் விலகுபவர்களுக்கு ஒருமுறை கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டிருந்தோம். விலகும் நாளுக்கு முன் ஒருவர் தன் நிலையைக் காசுக்கணக்கு இல்லாமல் யோசிக்க வேண்டும் என்பதற்காக. கால் பங்குக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பாடம் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை மாணவர்கள் கூடுகிறார்கள். அதை நடத்துவது இப்போது அவர்தான். கொண்டுவர வேண்டியது ஓடாத நிரல் அல்ல, நன்றாக ஓடும் நிரல். அது எங்கே தப்பாக இருக்கலாம் என்று மற்றவர்கள் தேடுகிறார்கள்.